கடதாசி நிறைய ஒரு வீடு

தன்னை ஒரு மடையன் என்று நிரூபிப்பதற்காகச் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, வியர்க்க விறுவிறுக்கப் பாடுபட்ட மாப்பிள்ளை இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்ற மாப்பிள்ளைமாருக்கு அந்தச் சிரமம் இல்லை. கல்யாணம் முடிந்து ஆறு மாதத்துக்குள் அது தானாகவே தெரிந்துவிடும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று அம்மா சொல்லுவா. அதையும் மறுக்க முடியாது.) அதற்குப் பிறகு கல் சுமந்தேன், ஐஸ் உடைத்தேன், ஒரு லொறியில் கிளீனராக இருந்து லொறி புறப்பட்ட பிறகு ஏற மறந்தேன். கடைசியில் டவுனில் ரவி சேரின் கந்தோரில், அதாவது ஒபீஸில், தேத்தண்ணி ஊற்றப் போய்ச் சேர்ந்தேன். ரவி சேருக்கு வேலை, வீட்டுப் பிளான் கீறுவது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். உடைந்த வீட்டைத் திருத்த உதவி கேட்டுப் போனால், முதலில் பிளானைக் கொண்டுவா என்பார்கள். அதனால் ஊரில் வீடு குறையக் குறைய எங்கள் கந்தோரில் வேலை கூடியது.

சேர் பிளானைக் கொம்பியூட்டரில் கீறுவார். ஒரு வருடம் அவருக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றதில், கீறிய படத்தைத் திறந்து பிரின்ட் அடிக்கும் அளவுக்கு நானும் முன்னேறிவிட்டேன். கடதாசியும் மையும் கொழும்பிலிருந்து வழியெல்லாம் இறங்கி ஏறி வர வேண்டிய காலம். ஒரு தாள் பழுதானால் சேருக்கு நெஞ்சு வலிக்கும். எனவே கந்தோரில் ஒரே ஒரு சட்டம்தான்.

"குணம், பிரிவியூ பாக்காம அடிக்கப்படாது." (குணம் என்பது என் பெயர்.)

பிரிவியூ என்பது, கடதாசி வெளியே வருவதற்கு முதல் அது எப்படி வரப்போகிறது என்று திரையில் காட்டும் வித்தை. வெள்ளைத் தாள் ஒன்று தெரியும், அதன் நடுவில் வீடு தெரியும். சரியென்றால் அடிக்கலாம், பிழையென்றால் திருத்தலாம். நான் சட்டத்தை ஒருநாளும் மீறவில்லை. பார் என்றார், பார்த்தேன். என்னத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் கிரான் ஊரைச் சேர்ந்த யோகா. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள், என்னைவிட மூன்று வகுப்புக் கூடப் படித்தவள். அவளுடைய அப்பா சிவலிங்கத்தார் வேளாண்மைக்காரர். மகன் என்ன வேலை என்று அவர் கேட்டபோது அம்மா சொன்ன பதில்தான் எல்லா வினைக்கும் விதை.

"கொம்பியூட்டரில பிளான் அடிக்கிற வேலை."

இதில் பொய் ஒரு சொல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கிரானில் எனக்குப் பெயர் 'கொம்பியூட்டர் மாப்பிள்ள'. தேத்தண்ணியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழமையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் இருப்பார். வீடு எழும்பாமல் தாலி ஏறாது. எத்தனை அறை, குந்துத் திண்ணை எவ்வளவு உயரம், சுற்றி மதிலா வேலியா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக் கேட்டுப் பெண்ணைப் பெற்றவரைக் கசக்கிப் பிழிவதும் உண்டு. அம்மா அப்படி இல்லை. பேச்சுக்கால் நடந்த அன்று எல்லாருக்கும் கேட்க உரத்துச் சொன்னா.

"எங்களுக்கு ஒண்டும் வேணா. வழமைக்கு ஒரு சின்ன வீடு காணும்." (எங்கள் பக்கத்தில் காணும் என்றால் போதும்.)

சிவலிங்கத்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது அடி நீளம், இருபத்திநாலு அடி அகலம், மூன்று அறை, ஒரு ஹோல், சமைக்க ஒரு குசினி என்று பேசி முடித்தார்கள். சீமெந்து கண்டபடி வாங்க முடியாது, அனுமதித் துண்டு வேண்டும். அவருக்கு முப்பது பேக்குக்குத் துண்டு கிடைத்திருந்தது. ரவி சேர் கல்யாணப் பரிசாகப் பிளானைச் சும்மா கீறித் தந்தார். கீறி முடித்த அன்றே அவருக்குக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது.

"சின்னக் கடதாசியில ஒண்டு அடிச்சு மேசன்ட குடு. வேறொண்டிலயும் கை வைக்காத."

பஸ் ஏறிப் போய்விட்டார். நான் கந்தோருக்கு ராசா.

சின்னக் கடதாசியை எடுத்துப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. யார் யாரோ வீட்டையெல்லாம் பெரிய கடதாசியில் அடித்த கை இது. என் சொந்த வீட்டைக் கடிதம் எழுதுகிற தாளில் அடிப்பதா. பெரிய கடதாசியைப் பிரின்டருக்குள் வைத்தேன், கொம்பியூட்டரிலும் பெரிய கடதாசி என்று மாற்றினேன், சட்டப்படி பிரிவியூவைத் திறந்தேன்.

பார்த்தவுடன் வயிறு எரிந்தது. அவ்வளவு பெரிய வெள்ளைத் தாளுக்கு நடுவில் என் வீடு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சல்காரக் குழந்தை கிடப்பது போல, சுருண்டு கிடந்தது. நாலு பக்கமும் ஒரே வெறுமை. மாமனார் பார்த்தால் என்ன நினைப்பார்.

பிரின்ட் அடிக்கும்போது திரையில் திறக்கிற பெட்டியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் சரி அடையாளம் போட்டால் படம் கடதாசி நிறைய வந்துவிடும். சேர் அதைத் தொடுவதே இல்லை. அவருக்கு ரசனை இல்லை என்று எனக்குப் பல நாளாக ஒரு எண்ணம். அடையாளத்தைப் போட்டேன், பிரிவியூவை மறுபடி திறந்தேன்.

என்ன வடிவு. விளிம்புக்கு விளிம்பு வீடு. அடையாளத்தை எடுத்துப் பார்த்தேன், வீடு சுருங்கியது. போட்டேன், விரிந்தது. புதுச் சட்டையைக் கண்ணாடி முன்னால் கழற்றிக் கழற்றிப் போடுவது போலப் பதினொரு தரம் செய்திருப்பேன். ஹோலில் ஒரு கதிரை போட்டு (மனதுக்குள்தான்) நான் இருந்தேன். குசினிக்குள்ளிருந்து யோகா தேத்தண்ணி கொண்டுவந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வேறொருவர் தேத்தண்ணி ஊற்றினார். அந்தக் கிறக்கத்தில் அடித்துவிட்டேன்.

சின்னத் தாளாக இருந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கலாம். இதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தக் காலத்தில் கோடு கோடாகக் கீறிய பெரிய கடதாசியோடு செக்பொயின்டுக்குள் நடந்து போவது புத்தியுள்ளவன் செய்கிற காரியம் அல்ல. எல்லாரையும் இறக்கி நடக்கவிட்ட இடத்தில், என்னை மட்டும் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆமிக்காரப் பொடியன் ஒருவன் சுருளை விரித்தான்.

"மொகக்த மே?" இது என்ன என்று கேட்கிறான்.

"கெதர, மாத்தயா." வீடு, ஐயா. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அதில் செலவாகிவிட்டது.

அவன் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னுடைய செருப்பைப் பார்த்தான்.

"லொக்கு கெதரக்." பெரிய வீடு என்கிறான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓம் ஓம் என்று தமிழிலேயே தலையாட்டினேன். அந்த ரோட்டில் அன்றைக்கு உண்மையைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவன்தான்.

கிரானில் மேசன் காசிம் காக்கா காத்திருந்தார். ஓட்டமாவடிக்காரர் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), முப்பது வருடம் வீடு கட்டிய கை. பிளானில் சேர் எழுதிய அளவெல்லாம் மில்லிமீற்றரில் இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கீறிக் கீறி அவருக்கு அதுதான் பழக்கம். காசிம் காக்கா அந்த எண்களைக் கண்கொண்டும் பார்க்கவில்லை. மடியிலிருந்து அடிமட்டத்தை எடுத்தார்.

"இந்த மூவாயிரம் நாலாயிரமெல்லாம் நமக்கென்னத்துக்கு தம்பி. ஒரு அங்குலத்துக்கு எத்தின அடி?"

"நாலடி காக்கா."

"அது காணும். நான் கோட்ட அளந்து எடுத்துக்குவன்."

சேர் கீறியது ஓர் அங்குலத்துக்கு நாலடிதான். ஆனால் நான் அடித்த தாளில் அங்குலம் ஒன்றரைக்குக் கிட்ட வீங்கியிருந்தது. காக்காவின் அடிமட்டத்துக்கு அது எப்படித் தெரியும்?

சிவலிங்கத்தார் அப்போது வேளாண்மை வெட்டுக்கு வயல் வட்டைக்குள் போயிருந்தார். இரண்டு கிழமையாக வயலிலேயே வாடி அடித்துக் கிடந்தார். திரும்பி வந்த அடுத்த நாள் எங்களை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கல்யாண நாள் வைக்கப் போகிறார் என்று அம்மா வெற்றிலைத் தட்டமும் ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டா.

போனால், மனுசன் அத்திவாரத்துக்கு நடுவில் நிற்கிறார். வேலியோரம் காசிம் காக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். குடிசை வாசலில் யோகா.

"தம்பி, இஞ்சால வாங்க. நான் நிக்கிறது என்ன எடம்?"

பிளானை நினைத்துப் பார்த்தேன். "குசினி மாமா."

"குசினியா? இதுக்குள்ள ஒரு சோடி மாட்டக் கட்டி உழலாம் போலிருக்கு."

அப்போதுதான் சுற்றிவரப் பார்த்தேன். அத்திவாரம் ஒரு பக்கம் மாமரத்தைத் தாண்டி, மறுபக்கம் ஆட்டுக் கொட்டிலை விழுங்கிவிட்டுக் கிடந்தது. முப்பது அடி நாற்பத்திரண்டு அடியாகியிருந்தது. முப்பது பேக் சீமெந்தில் இருபத்திநாலு பேக் மண்ணுக்குள் போய்விட்டது. அடுத்த துண்டு எப்போது கிடைக்கும் என்று சொல்ல அந்த நாளில் ஒரு சாத்திரியும் இல்லை.

"காக்கா, உங்களுக்கெண்டாலும் தெரியல்லியா?" என்று அம்மா கேட்டா.

"எனக்கு வெளங்கின மா. மாப்புள ஊட்டார் கூட்டிக் கேட்டிருக்காங்க எண்டு நெனச்சன். ஊர் ஒலகத்தில நடக்கிறதுதானே. நான் என்னத்துக்கு வாயத் தொறந்து பறைவான்."

சிவலிங்கத்தார் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒண்டும் வேணா எண்டீங்க தங்கச்சி. வாயால வேணா எண்டு சொல்லிப்போட்டு, மெசினால எடுத்திருக்கிறீங்க."

அம்மாவின் முகம் செத்துப்போனது. என் பக்கம் திரும்பினா.

"என்ன மனே செஞ்ச?"

"நான் பிரிவியூ பாத்தனம்மா."

"தெரியாமச் செஞ்சிட்டாரோ?" என்றார் சிவலிங்கத்தார். "கொம்பியூட்டர் படிச்ச ஆளுக்கு அளவு தெரியாதோ?"

இங்கேதான் என் கழுத்தில் கயிறு இறுகியது. நான் கொம்பியூட்டர்காரன் என்றால், தெரிந்துதான் செய்திருக்கிறேன், ஆகவே பேராசைக்காரன். பேராசைக்காரன் இல்லை என்றால், ஒன்றும் தெரியாத தேத்தண்ணிக்காரன். இரண்டில் எதைச் சொன்னாலும் யோகா எனக்கில்லை. வாசலைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அத்திவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவலிங்கத்தார் தட்டத்தைப் பிரிக்காமலே அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தார். அப்படிக் கொடுத்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். பஸ்ஸில் அம்மா அந்தப் பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டே வந்தா.

அந்த வார முடிவில் ரவி சேர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுத் தலையில் கை வைத்தார். பிறகு கிரானுக்கு ஆள் அனுப்பினார். 'பிழை எங்க நடந்ததெண்டு மெசினிலயே காட்டுறன். வந்து பாத்திட்டு மறுகா முடிவெடுங்க.'

வந்தார்கள். சிவலிங்கத்தார், யோகா, காசிம் காக்கா. இந்தப் பக்கம் அம்மாவும் நானும். கந்தோரில் கதிரை இரண்டு. ஒன்றில் சிவலிங்கத்தார், மற்றதில் கொம்பியூட்டருக்கு முன்னால் சேர். மற்றவர்கள் நின்றோம். பழக்க தோசத்தில் நான் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிவிட்டேன். என் வழக்கில் அதுதான் முதல் சாட்சி.

சேர் பிரிவியூவைத் திறந்தார். கட்டத்தில் அடையாளத்தை எடுத்தார், போட்டார். வீடு சுருங்கியது, விரிந்தது.

"பாத்தீங்களா? எண்ணெல்லாம் பழைய எண்தான். படம் மட்டும்தான் ஊதியிருக்கு. களவெடுக்கிற ஆளெண்டா எண்ணையும் மாத்தியிருப்பான்."

"மாத்த மறந்திருப்பான்" என்றார் சிவலிங்கத்தார்.

சேர் பெருமூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்த்து, மன்னிச்சுக்க என்பது போலக் கண்ணைச் சிமிட்டினார்.

"ஐயா, இவன்ட உண்மையான வேலை தேத்தண்ணி ஊத்துறது. வந்த புதிசில, பிரிவியூவில வெள்ளக் கடதாசி தெரியிறதால பிரின்டருக்குள்ளயும் கடதாசி இருக்கெண்டு நெனச்சு, ஒண்டும் வைக்காம அரை நாள் குந்தியிருந்தவன். ஒருக்கா கரண்ட் போய்த் திரை கறுத்த நேரம் ஓடி வந்து 'சேர், கடதாசி கருகிட்டு' எண்டவன்."

காசிம் காக்கா சால்வையால் வாயைப் பொத்தினார்.

இதுவரை மகனைக் கொம்பியூட்டராகவே ஊருக்குக் காட்டிய அம்மா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்டுகொண்டா. ஒரே கிறுகாகக் கிறுகி மறுபக்கம் திரும்பிவிட்டா.

"என்ட புள்ள மடையன் எண்டு நான் கோயில்ல சத்தியம் பண்ணுவன் அண்ணே. மூணாம் வகுப்பில ரெண்டு வரிசம் இருந்தவன். பத்து வயசில ஆட்ட மேய்க்க அனுப்பினா, ஆடு வந்திட்டு, இவனக் காணல்ல. ஆட்ட விட்டுத்தான் தேடின."

"அம்மா, காணும்" என்றேன்.

"நீ பொறு மனே. அண்ணே, லொறியால விழுந்த கதை சொல்லட்டா?"

"விழல்ல, ஏறல்ல" என்று திருத்தினேன். (மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.)

சிவலிங்கத்தார் அசையவில்லை. "இதெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்த கதையாயும் இருக்கலாம்" என்றார்.

அதுவரை பேசாமல் நின்ற யோகா முதல் தடவையாக வாய் திறந்தாள். பாலர் பாடசாலைக் குரல்.

"நீங்களே இப்ப எங்களுக்கு முன்னால ஒண்டு அடிச்சுக் காட்டுங்க. சேர் ஒண்டும் சொல்லிக் குடுக்கப்படாது."

சேர் எழும்பினார், அந்தக் கதிரையில் நான் இருந்தேன். இந்த முறை ஒரு பிழையும் விடுவதில்லை என்று வைராக்கியம். அவள் பார்க்கிறாள். கட்டத்தில் அடையாளத்தை எடுத்தேன். பிரிவியூவைத் திறந்தேன். பெரிய வெள்ளைத் தாளுக்கு நடுவில் சின்ன வீடு, சரியான அளவு. மூன்று தரம் பார்த்தேன். சேர் பக்கம் திரும்பாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடித்தேன்.

பிரின்டர் கறகறவென்று கத்தியது. தாள் வந்தது. யோகா எடுத்துப் பார்த்தாள். அவளுடைய புருவம் மெல்ல மேலே போனது. தாளை அப்பாவிடம் கொடுத்தாள்.

அதில் அரை வீடு இருந்தது. ஹோல், குசினி, ஒரு அறை. அதோடு தாள் முடிந்துவிட்டது. காலையில் சேர் பிரின்டருக்குள் சின்னக் கடதாசி வைத்திருக்கிறார். நான் கொம்பியூட்டரில் பெரிய கடதாசிக்கு அடித்திருக்கிறேன். மற்ற இரண்டு அறையும் எங்கேயோ காற்றில் போய்விட்டன.

"பிரிவியூ பாத்தீங்களா?" என்று யோகா கேட்டாள்.

"பாத்தன். மூணு தரம்."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காசிம் காக்கா வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சிவலிங்கத்தார் தாளைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் பார்த்தார்.

"ஓம். இது நடிப்பில்ல" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா புள்ள, பேராசக்காரனெண்டா நாலு பேர வெச்சுக் கதைச்சுத் திருத்தலாம். இத என்ன செய்யிற?"

வந்த உயிர் வாசல்வரை திரும்பிப் போனது.

"பேராசக்காரனெண்டா ஆயுசுக்கும் குடுத்துக்கொண்டே இருக்கணும் அப்பா" என்றாள் யோகா. "இவருக்குச் சரியான கடதாசிய எடுத்துக் குடுத்தாக் காணும்."

சிவலிங்கத்தார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்த அரை வீட்டைக் காசிம் காக்காவிடம் நீட்டினார்.

"காக்கா, மிச்சம் ஆறு பேக் இருக்கு. என்ன செய்யலாம்?"

காக்கா அடிமட்டத்தை எடுக்கவில்லை. விரலால்தான் கணக்குப் பார்த்தார்.

"அத்திவாரம் பரப்பில ரெண்டு மடங்கு. இதில இருக்கிறது அரை வீடு. ரெண்டு மடங்கில அரைவாசி எண்டா, நீங்க முதல் பேசின வீடுதான் முதலாளி. செங்கல்லக் களிமண் போட்டுக் கட்டுவம். சீமெந்து நெலத்துக்கு ஆகும்."

அப்படியே கட்டினோம். பெரிய ஹோல், மாடு உழும் அளவுக்குக் குசினி, ஒரு அறை. ஆவணியில் அந்தக் குசினியில் பால் பொங்கியது, தாலி ஏறியது. மணவறையில் கையெழுத்துப் போடும்போது, "பாத்துப் போடுங்க, கடதாசிக்கு வெளிய போயிரும்" என்று யோகா காதுக்குள் சொன்னாள்.

மற்ற இரண்டு அறைக்கும் சுவர் எழும்பவே இல்லை. துண்டு கிடைத்த காலத்தில் பிள்ளைகள் பிறந்தார்கள், பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் வேறு செலவு வந்தது. அத்திவாரம் மட்டும் இன்றைக்கும் மாமரத்தைத் தாண்டிக் கிடக்கிறது. ஒன்றில் வெண்டி, மற்றதில் மிளகாய். விருந்தாட்கள் வந்து எத்தனை அறை என்று கேட்டால் மாமா, மனுசன் இருந்தவரைக்கும், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொல்லுவார்: "மூணு அறை. ரெண்டு இன்னும் பிரின்டாகல்ல." இப்போது என் பிள்ளைகள் சொல்கிறார்கள். அறையைப் பார்க்கலாமா என்று எழும்பி வந்த ஆட்களும் உண்டு.

எனக்கும் யோகாவுக்கும் வாய்த் தர்க்கம் வந்தால், "உங்கட அறைக்குப் போங்க" என்பாள். போக வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு ஒழுங்கு. போன மாரியில் அடை மழை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு வெண்டிக்கு நடுவில், என் சொந்த அறையில், வீறாப்பாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் குசினி யன்னல் திறந்தது. மனம் இளகிக் கூப்பிடப் போகிறாள் என்று திரும்பினேன்.

"கதவச் சாத்திக்கிட்டு நில்லுங்க" என்றாள். "தூவானம் அடிக்கும்."